பிள்ளைப்பேற்று அதிர்ச்சியும் தாய்ப்பாலும்: ஓர் ஆய்வுரையின் திறனாய்வு

ஒரு நூலை மதிப்பிடப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்நூல் எதைச் செய்ய முன்வந்தது என்பதேயாகும். வெண்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் அகவலின் ஓசை இல்லையே என்று குறை கூறுவது திறனாய்வு ஆகாது. இலக்கிய வகுப்பில் நாம் மாணவருக்குக் கற்பிக்கும் இவ்வெளிய உண்மை, பிற துறை நூல்களைப் படிக்கும்போது நமக்கே மறந்துவிடுகிறது. எண்ணும் விழுக்காடும் இல்லாத ஆய்வை ஆய்வே அன்று என்று தள்ளிவிடுகிறோம். கண்ணீர் வரவழைக்கும் ஆய்வையோ ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறோம். இரண்டும் பிழையே.

இதை நினைக்கும்படி செய்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. நியாலாஸ் வட்டாரத்துத் தோட்டப்பள்ளியில் என்னிடம் படித்தவள்; இன்று செவிலியர் பட்டப்படிப்புப் பயில்கிறாள். சென்ற விடுமுறையில் ஓர் ஆய்வுரையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். “ஐயா, இதை மதிப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு பேர் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்துவிட முடியுமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு அவளும் நானும் சேர்ந்து தேடிய விடையே இக்கட்டுரை.

ஆய்வும் ஆய்வாளரும்

அவ்வாய்வுரையை எழுதியோர் செரில் டட்டானோ பெக், சூ வாட்சன் ஆகிய இருவர். பெக் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துச் செவிலியர் துறைப் பேராசிரியர். வாட்சன், பேற்றின்போது அதிர்ச்சியுற்ற தாய்மாருக்காக நியூசிலாந்தில் அமைந்த அறக்கட்டளை ஒன்றில் பொறுப்பு வகித்தவர். அதிர்ச்சி தரும் பிள்ளைப்பேறு தாய்ப்பாலூட்டலை எவ்வாறு தாக்குகிறது என்பது பொருள். ‘இரு பாதைகளின் கதை’ என்பது தலைப்பின் ஒரு பகுதி. 2008ஆம் ஆண்டில், செவிலியர் ஆராய்ச்சிக்கென்றே வெளிவரும் ‘நர்சிங் ரிசர்ச்’ என்னும் இதழில் அது வந்தது.

பெக் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 2004ஆம் ஆண்டிலேயே, பேற்று அதிர்ச்சி என்பது என்ன என்று 40 தாய்மாரிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். அதிர்ச்சி என்பது காண்பவர் கண்ணில் இருக்கிறது என்பதே அதன் முடிபு. மருத்துவர் ஏட்டில் “சுகப்பிரசவம்” என்று எழுதியிருப்பார். பெற்றவளோ செத்துப் பிழைத்ததாக உணர்வாள். என்னைக் கவனிக்கவில்லை, என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நம்பினேன், கைவிட்டார்கள், குழந்தை நலமாகப் பிறந்துவிட்டதால் நான் பட்டது ஒருவர் கணக்கிலும் வரவில்லை என்பனவே அத்தாய்மாரின் முறையீடுகள்.

2008ஆம் ஆண்டு ஆய்வு இதன் தொடர்ச்சி. 52 தாய்மார், அதிர்ச்சிக்குப் பின் தாம் பாலூட்டிய அனுபவத்தை எழுதி இணையத்தின் வழி அனுப்பினர். அவ்வெழுத்துகளைக் கொலைசி என்பவர் 1978ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி ஆராய்ந்தனர். முதலில் எல்லாவற்றையும் படித்தல், பொருள் பொதிந்த தொடர்களைத் தனியே எடுத்தல், ஒவ்வொன்றுக்கும் கருத்து உரைத்தல், ஒத்த கருத்துகளைத் தொகுத்தல், தொகுத்தவற்றை முழு விளக்கமாக்கி, அதன் சாரத்தைக் காணுதல், இறுதியில், சொன்னவரிடமே திரும்பிச் சென்று “நீ சொன்னது இதுதானா?” என்று கேட்டல். தமிழாசிரியர்க்கு இம்முறை அயலானது அன்று. பாடலைப் படித்து, அருஞ்சொல் பிரித்து, பொழிப்புரைத்து, கருத்துரைத்து, துறை வகுப்பது நம் உரையாசிரியர் மரபு. ஒரே வேறுபாடு, நம் உரையாசிரியர் புலவரிடம் திரும்பிச் சென்று கேட்க இயலாது. இவர்களால் இயலும். அதனால் இவர்கள் பொறுப்பும் பெரிது.

எட்டுக் கருப்பொருள்கள்

ஆய்வாளர் கண்டவை எட்டு. அவற்றுள் மூன்று, தாயைப் பாலூட்டலில் விடாது நிற்கச் செய்தவை. “பிள்ளை பெறுவதில் தோற்றேன், தாய் என்பதையாவது இதில் மெய்ப்பிப்பேன்” என்னும் உறுதி முதலாவது. கொடுமையான முறையில் உலகுக்கு வந்த குழந்தைக்கு ஈடு செய்யும் கடமையாகப் பாலைக் கருதுவது இரண்டாவது. பால் கொடுக்கும் அந்தச் சிறு பொழுதில் மனத்தின் வேதனை சற்றே ஓய்வது மூன்றாவது.

ஏனைய ஐந்து தடுத்தவை. பிறர் கைகள் தன் உடலை மீறி நடந்தபின், மார்பும் மீறப்படும் இன்னொரு பொருளாகத் தோன்றுதல். கடக்க இயலாததாகத் தோன்றும் உடல்வலி. அதிர்ச்சியும் பால் போதாமையும் சேர்ந்த ஆபத்தான கலவை. பாலூட்டும் வேளையில் பேற்றுக் காட்சிகள் மீண்டும் மீண்டும் வந்து மகிழ்ச்சியைத் திருடுதல். குழந்தை யாரோ, தான் யாரோ என்று தோன்றும் வெறுமை.

இப்பட்டியலின் சிறப்பு எதில் உளது? பால் கொடுக்காத தாயை உலகம் இதுவரை இரண்டே வகையில் அறிந்திருந்தது. ஒன்று, பால் இல்லாதவள். மற்றொன்று, மனம் இல்லாதவள். இவ்வாய்வு மூன்றாவதாக ஒருத்தியைக் காட்டுகிறது: காயம்பட்டவள். அதைவிட நுட்பமானது, பால் கொடுப்பவளும் காயம்பட்டவளாக இருக்கலாம் என்று காட்டியது. விடாது பாலூட்டுகிறாள், ஆகவே நலமாக இருக்கிறாள் என்று செவிலி முடிவு கட்டிவிட இயலாது. அவள் குற்ற உணர்வால் பரிகாரம் செய்துகொண்டிருக்கலாம். வெளித் தோற்றத்தில் வெற்றியாகத் தெரிவதன் உள்ளே துயரம் இருக்கக்கூடும் என்பதை எந்த விழுக்காடும் நமக்குச் சொல்லாது. 2016ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு, ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் 47.1 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றதாகக் கூறிற்று. பயனுள்ள எண். ஆயினும் எஞ்சியோர் ஏன் பெறவில்லை, பெற்றோரின் தாயர் எந்நிலையில் கொடுத்தனர் என்பவற்றை அவ்வெண்ணிடம் கேட்டுப் பயனில்லை.

என் மாணவியின் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைத்தது. “எத்தனை பேர்?” என்று கேட்க 52 போதாது. “எப்படிப்பட்ட அனுபவம்?” என்று கேட்க 52 நிறைவானதே. ஆய்வு முதற் கேள்விக்கு விடை தருவதாகப் பாவனை செய்கிறதா என்பதையே நாம் காவல் காக்க வேண்டும். பெக்கும் வாட்சனும் அவ்வாறு செய்யவில்லை.

நான்கு உரைகற்கள்

இத்தகைய ஆய்வை எதைக்கொண்டு உரசிப் பார்ப்பது? லிங்கன், கூபா என்னும் இருவர் 1985ஆம் ஆண்டில் நான்கு அளவைகள் கூறினர். அவற்றை நம் மொழியில் நம்பகம், இடம்பெயர்த்துப் பொருத்தும் தகுதி, நிலைப்பு, சான்றுறுதி எனலாம்.

நம்பகமாவது, சொன்னவர் கருத்தும் எழுதியவர் கருத்தும் ஒத்திருத்தல். தாய்மாரின் சொற்களை ஒட்டியே கருப்பொருள்களுக்குப் பெயரிட்டிருப்பது இங்கே பாராட்டத்தக்கது. சான்றுறுதியாவது, முடிபுகள் ஆய்வாளரின் விருப்பத்திலிருந்து அன்றிச் சான்றிலிருந்து பிறத்தல். நிலைப்பாவது, இன்னொருவர் அதே வழியில் நடந்தால் அவ்விடத்துக்கே அணுகி வருதல். 2010ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எல்மிர் என்பவரும் பிறரும், இப்பொருள் பற்றிய பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கினர். அவர்களும் கட்டுப்பாடு இழத்தல், மனிதராக நடத்தப்படாமை, மீளமீள வரும் காட்சி, தாயாக வென்று காட்டும் உறுதி முதலியவற்றையே கண்டனர். இது நிலைப்புக்குச் சான்றாகும். ஆயின் முழுச் சான்று அன்று. பெக்கின் ஆய்வுகளும் அப்பத்தினுள் அடங்கும். ஒரே சாட்சி இருமுறை வந்து சொன்னால் அவர் இரு சாட்சி ஆகார்.

இந்நான்கின் புறம்பாக இன்னொரு சோதனையும் உண்டு. அனுபவித்தவர் படித்தவுடன் தம்மை அறியாமல் தலையசைத்தால், அவ்விளக்கம் உண்மையைத் தொட்டது என்பர். இச்சோதனையை நான் வீட்டிலேயே காண நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் முதற் குழந்தை நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்தது. இரண்டு நாள் வலி. என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் குழந்தையை மார்பில் வைத்தால் என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். “பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்காத தாயும் உண்டா?” என்று என் தாயார் கேட்டார். நான் தடுக்கவில்லை. நானும் அதையே நினைத்தேன். டின் பால் வாங்கி வந்தேன். அத்துடன் அப்பேச்சு முடிந்தது. இவ்வாய்வின் எட்டுக் கருப்பொருள்களையும் தமிழில் சொல்லிக் காட்டியபோது, நான்காவதிலும் எட்டாவதிலும் அவள் கை வேலையை நிறுத்திற்று. “அன்னிக்கு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள். அவ்வளவுதான். ஒருவர் தலையசைப்பு ஆய்வுக்குச் சான்று ஆகாது என்பதை நான் அறிவேன். ஆனால் அது எனக்குத் தீர்ப்பு.

குறைகள்

பாராட்டியபின் குறையும் கூற வேண்டும்.

முதலாவது, பேசியோர் யார் என்பது. இணையம் உடையவர், ஆங்கிலத்தில் நீள எழுத வல்லவர், தம் துயருக்கு உதவி நாடிச் செல்லும் துணிவுடையவர் ஆகியோரே இங்கே பேசுகின்றனர். சொல்லத் தெரியாதவரும், சொல்ல அஞ்சியவரும், சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணியவரும் இல்லை. ஆகவே இடம்பெயர்த்துப் பொருத்துகையில் மிகுந்த கவனம் வேண்டும். ஜாசினுக்கோ ஆசகானுக்கோ இதை அப்படியே தூக்கிக்கொண்டு வர இயலாது.

இரண்டாவது, எழுத்து வடிவம். எழுதி அனுப்புவதில் நன்மை உண்டு. பிள்ளை உறங்கும் நேரத்தில், தனிமையில், அடித்துத் திருத்தி எழுதலாம். எதிரே இருப்பவர் முகம் பார்த்து நாண வேண்டியதில்லை. ஆனால் நேரில் கேட்பவர்க்குக் கிட்டும் இடைமௌனம் எழுத்தில் கிட்டாது. “அதை இன்னும் சற்று விளக்கம்மா” என்று அவ்விடத்திலேயே கேட்கவும் வழியில்லை. மேலும், இவை நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நினைவு காலத்தோடு திருந்தும், திரியவும் செய்யும்.

மூன்றாவது, ஆய்வாளரின் நிலை. உதவி அமைப்பில் உள்ளவரே ஆய்வாளராக இருப்பது தாய்மாருக்கு நம்பிக்கை தரும். அதுவே ஆய்வாளர் கண்ணைச் சாய்க்கவும் கூடும். முற்கருத்தை ஒதுக்கிவைத்து நோக்குக என்பது இம்முறையின் விதி. விதியைச் சொல்வது எளிது, காப்பது அரிது.

நான்காவது, நான் பெரிதாகக் கருதுவது, ‘இரு பாதைகள்’ என்னும் உருவகம். பாதை என்றால் பிரியும் இடம் ஒன்று இருக்க வேண்டும். ஒரே விதமான காயம் ஒருத்தியை ஏன் விடாமுயற்சிக்கும், மற்றொருத்தியை ஏன் விலகலுக்கும் கொண்டுசெல்கிறது? அப்பிரிவிடத்தில் நின்றது எது? கணவனா, செவிலியா, குருதி இழப்பா, முன்பே பட்ட துன்பமா? இவ்வாய்வு அதைச் சொல்லாது, சொல்லவும் இயலாது. காரணம் கண்டறிதல் இம்முறையின் வேலை அன்று. ஆறாவது கருப்பொருளை எடுத்துக்கொள்வோம். குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு பாலை வெளியே தள்ளுகிறது. அச்சமும் வேதனையும் அதைத் தடுக்கக்கூடும். மிகுந்த குருதி இழப்பும் அறுவையும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தக்கூடும். இவற்றுள் எது ஒரு தாயின் பாலைக் குறைத்தது என்பதை அவள் கடிதம் காட்டாது. அதற்கு வேறு வகை ஆய்வு வேண்டும். தலைப்பில் ஓர் அழகிய உருவகம் வைத்துவிட்டால், படிப்போர் அதையே காரணமாகக் கொண்டுவிடுவர். உருவகம் அணியே அன்றிச் சான்று அன்று என்பதைத் தமிழாசிரியராகிய நாம் எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழ்த் தாய்மாரின் சொல்

தமிழ்ப் பெண்களிடம் இவ்வாறு ஒருவர் கேட்டதுண்டா? உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டில் தங்கி, சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பெண்களின் பிள்ளைப்பேற்றை ஆராய்ந்தார். 2003ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அது செவிலியர் ஆய்வு அன்று. ஆயினும் நமக்கு மிக அண்மையானது. அரசு மருத்துவமனையில் ஏச்சு, கையூட்டு, கேளாமலே கருத்தடைச் சாதனம் பொருத்துதல் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. பெக்கின் தாய்மார் சொன்ன முறையீடுகளுக்கு அவை எவ்வளவு நெருங்கியவை!

ஆனால் ஒரு வேற்றுமை நம்மை நிறுத்துகிறது. பேறு விரைய வலியைக் கூட்டும் ஊசி போடும்படி தாமே கேட்ட பெண்களை வான் ஹாலன் கண்டார். காரணம் நம் சொல்லிலேயே உளது. ‘வலி’ என்பது நோவு, வலிமையும் அதுவே. திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரம் நோவைப் பற்றியது அன்று. பேற்றுவலியைத் தம் சக்தியின் பெருக்கமாக உணரும் பெண்களிடம், மேனாட்டு வினாப்பட்டியலைக் கொண்டுபோய் “வலி உங்களை அதிர்ச்சிக்குள்ளாக்கியதா?” என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? அவர்களைப் புண்படுத்தியது வலி அன்றி, அவ்வலியில் அவர்களை நடத்திய விதமாக இருக்கக்கூடும். சொல்லை ஆராயாமல் ஆய்வை மொழிபெயர்த்தால் பொருள் தவறும்.

அந்நூலின் ஓர் இயலுக்கு, ‘குழந்தை நேய மருத்துவமனைகளும் கெட்ட தாய்மார்களும்’ எனப் பொருள்படும் தலைப்பு உண்டு. தாய்ப்பாலை ஊக்குவிக்க உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் மிக நல்லது. மலேசியாவும் 1990களில் அதை மேற்கொண்டது. ஆனால் நல்ல திட்டமும், தாயைக் கேளாமல் கட்டளையிடும் இடத்தில், ‘கெட்ட தாய்’ என்னும் பட்டத்தை உண்டாக்கிவிடுகிறது.

நம் மண்ணில்

தாய்ப்பால் பற்றிய பேச்சு நம் நாட்டுக்குப் புதிதன்று. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், ‘பாலும் கொலையும்’ எனப் பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்கு ஏற்றதெனக் கூறி விற்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். அவர் குற்றஞ்சாட்டியது தாயை அன்று. தாயை ஏமாற்றியோரை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நம் தோட்டங்களில் நிலை வேறு விதம். இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய பால்வெட்டுப் பெண், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாவும் தேடிக் கொடுத்த பாட்டிமார் இருந்தனர். உடம்பைப் பார்த்துக்கொள்ளும் அறிவு நம்மிடம் நிறைய இருந்தது. “உள்ளே என்ன நடந்தது?” என்று கேட்கும் வழக்கம்தான் இல்லை. நாம் பிள்ளை பிறத்தலைப் ‘பேறு’ என்கிறோம். பேறு என்றால் பெற்றது, செல்வம். மக்கட்பேறு என்று அதிகாரமே உண்டு. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் முதல் பத்துப் பருவங்கள் பாடினோம்; புலவர்கள் தாயின் குரலையே தாங்கிப் பாடினர். ஆனால் அத்தாய் பிள்ளை பெற்ற பொழுது பட்டதை அப்பத்தில் ஒன்றேனும் பேசாது. பெற்றதைக் கொண்டாடும் மொழியில், இழந்ததைச் சொல்ல இடம் குறுகிவிட்டது.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம்மவருள் பலர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காளும் உடனில்லாத அடுக்குமாடி வீட்டில் இளந்தாய் தனித்திருக்கிறாள். 2023ஆம் ஆண்டு முதல் மலேசியச் சட்டம் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியுள்ளது. நாள் கிடைத்தது நன்று. அந்நாட்களில் அவளிடம் கேட்க ஆள் வேண்டும்.

பெக், வாட்சன் ஆகியோரின் பரிந்துரையும் இதுவே. அதிர்ச்சியுற்ற தாய்க்குப் பாலூட்டத் தொடங்கும் நாட்களில், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் நெருங்கிய துணை வேண்டும் என்பர். அது பெரிய பொருட்செலவு வேண்டுவதன்று. பால் கொடுத்தாயா என்று கேட்கும் முன், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் செவி வேண்டும். ‘செவிலி’ என்னும் பழஞ்சொல்லை நாம் மருத்துவத் தாதியர்க்கு வழங்கினோம். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள், தலைவியின் மாற்றத்தைக் கண்டு, என்ன நேர்ந்தது என்று கவலையோடு கேட்பவள் அன்றோ?

முடிவுரை

இவ்வாய்வு குறைகள் உடையது. எனினும் செய்ய முன்வந்ததைச் செய்து முடித்தது. இதைச் சட்டமாகக் கொள்ளாமல் ஒரு கேள்வித்தாளாகக் கொண்டு, தமிழ் பேசும் செவிலியர் நம் தாய்மாரிடம் நம் சொற்களிலேயே கேட்டு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அதிர்ச்சியைக் குறிக்கும் ‘டிராமா’ என்னும் சொல் கிரேக்கத்தில் காயத்தைக் குறிக்கும். நம் பெரியவர்களோ பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கார மருந்தையும் ‘காயம்’ என்றனர். அம்மருந்தை அரைத்துக் கொடுத்த கைகள் பல. மற்றக் காயத்தைக் கேட்ட செவிகள் மிகச் சில.

என் மாணவி தன் மதிப்பீட்டை எழுதி முடித்தாள். இறுதி வரியில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். “ஐம்பத்திரண்டு பேர் போதும் ஐயா, ஆனா அதுல நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லை. அதை நான் கேட்கப் போறேன்னு எழுதினேன்” என்றாள். அவளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.